சம்மாட்டி அண்ணையின் ஈட்டி

எங்கள் வீட்டு வாசல் கதவுக்குப் பின்னால் ஓர் ஈட்டி நிற்கிறது. பாரிசின் லா ஷப்பலில், ரயில் பாதைக்கு முதுகைக் காட்டிக்கொண்டிருக்கும் பழைய கட்டடத்தின் ஐந்தாம் மாடியில் எங்களுடையது இரண்டு அறை வீடு. தும்புத்தடி வைக்கவே இடம் தேட வேண்டிய வீட்டில் ஆள் உயரத்தைவிட ஒரு முழம் கூடிய ஈட்டி. அது நிற்பதால் கதவு முழுதாகத் திறக்காது. வருகிறவர்கள் வயிற்றை எக்கிக்கொண்டுதான் உள்ளே வர வேண்டும். வந்ததும் "என்ன, வேலோ?" என்று கேட்பார்கள். நாங்கள் வேதக்காரர். வீட்டில் மாதா படத்தைத் தவிர வேறொன்றும் இல்லை. ஆனாலும் கீழ்மாடி அம்மா ஒருத்தி ஒரு வெள்ளிக்கிழமை அதன் அடியில் இரண்டு செவ்வரத்தம்பூ வைத்துவிட்டுப் போனார்.

வேல் இல்லை, வைக்கிங்காரரின் ஈட்டி என்று என் கணவர் விளக்குவார். வந்தவர்கள் கிட்டப் போய்ப் பார்ப்பார்கள். மரத்தில், கை பிடிக்கிற இடத்துக்குச் சற்று மேலே, காய்ச்சிய இரும்பால் சுட்டு எழுதிய பெயர் ஒன்று இருக்கிறது. அது என் கணவரின் பெயர். "அப்ப ஆத்திலை விட்ட அந்த வைக்கிங் கப்பலிலை நீங்களும் போனனீங்களோ?" என்று கேட்பார்கள். இவர் ஓம் என்றும் சொல்வதில்லை, இல்லை என்றும் சொல்வதில்லை. நான் குசினிக்குள் போய்த் தேத்தண்ணிக்குத் தண்ணீர் வைப்பேன். ஏழு வருசமாக எங்கள் வீட்டில் இந்தக் கேள்விக்குத் தேத்தண்ணிதான் பதிலாக இருந்தது.

போன ஞாயிற்றுக்கிழமை அப்படித் தப்ப முடியவில்லை. அதைச் சொல்வதற்கு முதல் சம்மாட்டி அண்ணையைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

அப்போது நான் ஒபர்வில்லியேயில் ஒரு பட்டறையில் தையல் வேலை செய்துகொண்டிருந்தேன். விழாக்களுக்கும் நாடகங்களுக்கும் உடுப்பும் போலி ஆயுதங்களும் செய்து கொடுக்கிற இடம். மர வேலைக்கு ஆள் தேவைப்பட்டபோது, என் கணவரின் சிநேகிதர் ஒருவர் சொல்லி வந்தவர்தான் அவர். மன்னார்க் கரைக்காரர். ஊரில் சொந்தமாக இரண்டு வள்ளம் வைத்து ஆட்களைக் கடலுக்கு அனுப்பியவர் என்பதால் நாங்கள் எல்லாரும் அவரைச் சம்மாட்டி என்றோம். ஐம்பது வயது இருக்கும். அவருடைய அகதி விண்ணப்பத்தை இரண்டு தரம் தள்ளிவிட்டார்கள். கையில் விசா இல்லை. லெ பிளாங்-மெனிலில் ஐந்து பேரோடு ஓர் அறையில் இருந்தார். என் கணவரிடம் பத்து வருச வதிவிட அனுமதிக் காட் இருந்தது. இவர் லா ஷப்பலில் மைத்துனரின் கடையில் நின்றதால், வேறு வேலைக்கு அந்தக் காட் சும்மாதான் கிடந்தது. சம்மாட்டி அண்ணை அந்தக் காட்டை வைத்து, இவருடைய பெயரில் வேலைக்குச் சேர்ந்தார். எங்கள் ஆட்களுக்குள் இது புதினமான காரியம் இல்லை. முகம் ஒத்துப்போகிறதா என்று பார்க்கிற அளவுக்கு எங்கள் கறுப்பு முகங்களை அங்கே யாரும் உற்றுப் பார்த்ததும் இல்லை.

ஒன்றை மட்டும் நான் யோசித்திருக்கவில்லை. பட்டறையில் இனி அவருக்கு என் கணவரின் பெயர். நான் கலியாணம் கட்டிய நாள் முதல் இவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டது கிடையாது. 'இஞ்சாருங்கோ' என்பேன், மற்றவர்களிடம் 'இவர்' என்பேன். அம்மா அப்படித்தான், மாமியும் அப்படித்தான். அந்தப் பெயரை மரம் அறுக்கிற சத்தத்துக்கு மேலால் குரல் எடுத்து, வேறொரு ஆம்பிளையைப் பார்த்து நான் கூப்பிட வேண்டியிருந்தது. முதல் தரம் கூப்பிட்டபோது முகம் எரிந்தது. சம்மாட்டி அண்ணை திரும்பிப் பார்க்கவில்லை, அது தன்னுடைய பெயர் என்று அவருக்கும் இன்னும் பழகவில்லை. இரண்டாம் தரம் கத்தினேன். மத்தியானம் சாப்பிடும்போது அவர் சிரித்தார். "தம்பிக்குக் கேட்டிருந்தா ஓடி வந்திருப்பார்" என்றார்.

எங்கள் முதலாளிக்கு, பத்ரோன் என்போம், வைக்கிங் பைத்தியம். ஆசிரியர், பல் வைத்தியர், தபால்காரர் என்று வார நாளில் ஒழுங்கான மனிதர்களாக இருப்பவர்கள் ஞாயிற்றுக்கிழமைகளில் கம்பளிச் சட்டையும் கேடயமுமாக மாறுகிற சங்கம் ஒன்று உண்டு, அதற்கு அவர்தான் தலைவர். அவர்களுக்கான சட்டை எல்லாம் நான் தைத்தது. ஈட்டிக் காம்பு எல்லாம் சம்மாட்டி அண்ணை இழைத்தது. முதலாளி வேலைக்கு நடுவில் கதை சொல்வார், நான் சம்மாட்டி அண்ணைக்குத் தமிழில் சொல்வேன். ஆயிரம் வருசத்துக்கு முதல், வடக்குக் கடலோடிகளான அந்த வைக்கிங்காரர் காலத்தில், வாள் பணக்காரனுக்கு. ஈட்டியும் கேடயமும் சுதந்திர மனிதன் ஒவ்வொருவனுக்கும். அடிமைக்கு ஈட்டி கிடையாது. துடுப்புப் போட அடிமைகளைக் கட்டி வைத்திருந்தார்கள் என்று சனம் நினைப்பது பிழை, துடுப்புப் போட்டவர்கள் எல்லாரும் சுதந்திர மனிதர்களே. அவரவர் பெட்டிமேல் அவரவர் இருப்பார்கள், ஈட்டி காலடியில் கிடக்கும். கூட்டம் கூடும்போது சம்மதம் என்றால் ஈட்டியைத் தூக்கி ஆட்டுவார்கள். தூக்காமல் இருப்பவன் இல்லை என்று சொல்லிவிட்டான் என்று அர்த்தம். இந்த சென் ஆற்றில்தான் அவர்கள் பாரிசுக்கு வந்தார்களாம். இதெல்லாம் எவ்வளவு சரி என்று எனக்குத் தெரியாது. சம்மாட்டி அண்ணை இழைத்த காம்பை ஒரு கண் மூடி நேர் பார்த்தபடியே கேட்டுக்கொண்டிருப்பார். ஒருநாள், "அப்ப அவங்களும் விசா இல்லாமல் வந்தவங்கள்தானே" என்றார். முதலாளிக்கு நான் அதை மொழிபெயர்க்கவில்லை.

அந்த வருசம் வசந்தத்தில் சென்-தெனிப் பக்கம் ஆற்றங்கரையில் விழா. நொர்மாண்டியிலிருந்து பதினாறு துடுப்புக் கப்பல் ஒன்றை வண்டியில் ஏற்றிக்கொண்டு வந்திருந்தார்கள். உடுப்புக் கிழிந்தால் தைக்க நான், காம்பு உடைந்தால் மாற்ற அவர் என்று எங்கள் இருவரையும் முதலாளி கூட்டிப் போயிருந்தார். இரண்டு நாள் மழைக்குப் பிறகு ஆறு நிறைந்து மண் நிறத்தில் ஓடியது. கப்பலில் ஏறுகிற ஒவ்வொருவருடைய பெயரும் பிறந்த திகதியும் காட் இலக்கமும் எழுதிய பட்டியல் ஒன்றை ஆற்றுப் பொலிசிடம் கொடுக்க வேண்டும். என் கையெழுத்து வடிவு என்று அதை என்னிடம் தந்திருந்தார்கள். புறப்பட அரை மணித்தியாலம் இருக்கும்போது தபால்காரர் படியில் வழுக்கி மணிக்கட்டை முறித்துக்கொண்டார். ஒரு துடுப்புக்கு ஆள் இல்லை. முதலாளி சுற்றிப் பார்த்தார். கடலில் பிறந்தவன் என்று அவர் எப்போதும் சொல்கிற ஆள் பக்கத்திலேயே நின்றார்.

நான் பயந்தது ஆற்றுக்கு இல்லை. கரையில் பொலிஸ் வள்ளம் நின்றது, மேலே இரண்டு பொலிஸ் வண்டி. அவர் பிடிபட்டால் ஊருக்குத் திருப்பி அனுப்புகிற விமானம். அந்தப் பட்டியலில் என் கணவரின் காட் இலக்கத்தை நான் என் கையால் எழுதினால் எங்களுக்கும் சேர்த்து வில்லங்கம். மகளுக்கு அப்போது நாலு வயது. நான் அவருக்குக் கிட்டப் போய் மெதுவாகச் சொன்னேன்.

"அண்ணை, வேண்டாம். பொலிஸ் நிக்கிது."

"ஓம், கண்டனான்." அவர் என்னைப் பார்க்கவில்லை, கப்பலைப் பார்த்தார். "பத்து வருசமா வள்ளத்திலை கால் வைக்கேல்லைத் தங்கச்சி. எழுதுங்கோ."

எழுதினேன். தபால்காரரின் பெயரை வெட்டி, மேலே என் கணவரின் பெயர். முதலாளி தபால்காரரின் ஈட்டியை எடுத்துச் சம்மாட்டி அண்ணையிடம் கொடுத்தார். ஈட்டி இல்லாதவன் துடுப்பில் இருக்கக் கூடாது என்பது அவர்களுடைய சட்டம். அது அவரே இழைத்த காம்புதான். அவர் அதை வாங்கிக் காலடியில் கிடத்திவிட்டு, துடுப்பைத் தூக்கிப் பாரம் பார்த்தார். அந்த நிமிடத்தில் அவருடைய தோள் வேறு மாதிரி இருந்தது. பட்டறையில் குனிந்து நிற்கிற மனிதரை நான் கப்பலில் காணவில்லை.

ஏற்பாட்டின்படி, பாலத்தைத் தாண்டி வந்ததும் கொம்பு ஊதுவார்கள். துடுப்பை உள்ளே இழுத்துவிட்டு எல்லாரும் எழும்பி நின்று, கரையில் நிற்கிற சனத்தைப் பார்த்து ஈட்டியைத் தூக்கிக் கத்த வேண்டும். கொம்பு ஊதியது. அதே நேரம் மணல் ஏற்றிய சரக்குப் படகு ஒன்று ஆற்றின் நடுவால் போனது. அதன் அலை பின்னால் வருவதை, சனத்தைப் பார்த்துக்கொண்டிருந்த அந்தச் சுதந்திர மனிதர்கள் ஒருவரும் காணவில்லை. பதினைந்து பேரும் ஈட்டியோடு எழும்பி, கைதட்டல் வந்த பக்கமாகச் சாய்ந்தார்கள். இருந்தபடி இருந்தவர் ஒருவர்தான்.

கப்பல் சரிந்தது. கேடய வரிசைக்கு மேலால் தண்ணீர் உள்ளே வந்தது. இரண்டு பேர் விழுந்தார்கள். துடுப்புப் போட ஆள் இல்லாத கப்பலை வெள்ளம் குறுக்காகத் திருப்பி, கீழே கட்டியிருந்த இரும்புப் படகு ஒன்றை நோக்கிக் கொண்டுபோனது. அதன் அடியில் தண்ணீர் உறிஞ்சிக்கொண்டு போவது கரையிலிருந்தே தெரிந்தது. நான் கத்தினேன். என் கணவரின் பெயரைத்தான் கத்தினேன். அந்த நேரத்திலும் பொலிஸ் பக்கத்தில் நிற்கிறது என்று எனக்குள் ஏதோ கணக்குப் பார்த்திருக்கிறது. அதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு வெட்கமாக இருக்கிறது.

சம்மாட்டி அண்ணை முதலில் தமிழில் கத்தினார். "இருங்கோ! எல்லாரும் இருங்கோ!" யாருக்கு விளங்கும்? பிறகு அவருக்கு நன்றாகத் தெரிந்த பிரெஞ்சுச் சொல் ஒன்று வாயில் வந்தது. விசா அலுவலகமான பிரெஃபெக்சரில் வரிசை குழம்பும்போதெல்லாம் காவலாளி சொல்கிற சொல். "அசி! அசி!" உட்கார், உட்கார். அவர்கள் உட்கார்ந்தார்கள். கப்பல் நிமிர்ந்தது. அவர் தன்னுடைய ஈட்டியை எடுத்துத் தலைகீழாகத் திருப்பி, முன் அணியத்துக்குப் பாய்ந்து, கட்டியிருந்த அந்த இரும்புப் படகின் விலாவில் காம்பை ஊன்றித் தள்ளினார். காம்பு வளைந்தது. உடைந்தால் அவரும் கப்பலும் அந்தப் படகின் அடியில். அது உடையவில்லை. கப்பலின் மூக்கு ஒரு முழம் விலகியது, பிறகு இரண்டு முழம். விழுந்த இருவரைப் பொலிஸ் வள்ளம் தூக்கியது. அவர் கை காட்ட, மற்றவர்கள் துடுப்பை எடுத்தார்கள்.

கரைக்கு வந்ததும் பொலிஸ்காரர் ஒருவர் புத்தகமும் கையுமாக நேரே அவரிடம் போனார். பெயர் என்ன? சம்மாட்டி அண்ணை நனைந்த கம்பளிச் சட்டையோடு ஒருமுறை என்னைப் பார்த்தார். பிறகு என் கணவரின் பெயரைச் சொன்னார். பிறந்த திகதி? அதையும் சொன்னார், நான் அவருக்குப் பாடமாக்கிக் கொடுத்த திகதி. காட்? நான் கையிலிருந்த ஊசியை உள்ளங்கையில் அழுத்திக்கொண்டு நின்றேன். முதலாளி நடுவில் வந்து, காட் பட்டறையில் இருக்கிறது, இவர் என்னுடைய வேலையாள், நான் பொறுப்பு என்றார். பொலிஸ்காரர் எழுதியதை மூடிவிட்டுச் சம்மாட்டி அண்ணைக்குக் கை கொடுத்தார். காட் பட்டறையில் இருந்ததே இல்லை; முதலாளிக்கு எல்லாம் தெரிந்திருந்தது என்பது எனக்கு அப்போதுதான் விளங்கியது.

அடுத்த கிழமை சங்கம் கூடி அவரைத் தங்களில் ஒருவராகச் சேர்த்தது. எல்லாரும் ஈட்டியைத் தூக்கி ஆட்டினார்கள். அந்த ஈட்டியை அவருக்கே கொடுத்து, காய்ச்சிய இரும்பால் பெயரும் சுட்டார்கள். ஒவ்வொரு எழுத்தாகப் புகை எழும்பியது. நகரசபை தன் சஞ்சிகையில் அவருடைய படத்தைப் போட்டது, கீழே என் கணவரின் பெயர். பத்து வருசத்தில் இந்த நாடு அவரைப் பற்றி நல்லதாக எழுதிய ஒரே ஒரு காகிதம். அதைக் கொண்டுபோய் எங்கேயும் காட்ட அவரால் முடியாது.

ஆனால் ஒரு வழி இருந்தது. வேறொருவர் பெயரில் வேலை செய்தவருக்கு, அந்தப் பெயரில் வேலை செய்தவர் உண்மையில் இவர்தான் என்று முதலாளி எழுதிக் கொடுத்தால், அந்த வருசங்களை வைத்து விசாவுக்கு விண்ணப்பிக்கலாம் என்று வழக்கறிஞர் சொல்லியிருந்தார். ஒரு சனிக்கிழமை பின்னேரம் சம்மாட்டி அண்ணை வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு எங்கள் வீட்டுக்கு வந்தார். கதிரையின் நுனியில் இருந்தார்.

"தம்பி, பத்ரோன் எழுதித் தாறன் எண்டவர். காட் உங்கட எண்டபடியா, நீங்களும் ஓம் எண்டு ஒரு கையெழுத்து வைக்கவேணுமாம்."

எங்கள் பிரெஞ்சுப் பிரஜாவுரிமை விண்ணப்பம் அப்போது பிரெஃபெக்சரில் கிடந்தது. காட்டை இன்னொருவருக்குக் கொடுத்தோம் என்று எழுதிக் கொடுத்தால் அது என்னவாகும் என்று சொல்லத் தேவையில்லை. இவர் நிலத்தைப் பார்த்தபடி சொன்னார். "எங்கட அலுவல் முடியட்டும் அண்ணை. ஒரு வருசம் பொறுங்கோ."

சம்மாட்டி அண்ணை என் பக்கம் திரும்பினார். "தங்கச்சி என்ன சொல்லுறியள்?"

இவர் பயந்த மனிதர், நான் ஒரு சொல் சொன்னால் கையெழுத்து வைத்திருப்பார். அது எனக்குத் தெரியும், இவருக்கும் தெரியும், கேட்ட மனிதருக்கும் தெரியும். "இவர் சொல்லுறதும் சரிதானே அண்ணை" என்றேன். அவர் தேத்தண்ணியைக் குடித்து முடித்துவிட்டு, பேணியைக் கொண்டுபோய்க் கழுவி வைத்துவிட்டுப் போனார்.

இரண்டு கிழமை கழித்து ஒபர்வில்லியேயிலிருந்து அந்த ஈட்டியைத் தோளில் வைத்துக்கொண்டு நடந்தே வந்தார். முனையில் அரிசிப் பை சுற்றியிருந்தது. கடைத் தெருவில் நின்ற பெடியள் "என்ன அண்ணை, காவடியோ?" என்று பகிடி பண்ணினார்களாம், அதைச் சொல்லிச் சிரித்தார். ஐந்து மாடியும் ஏறி, கதவுக்குப் பின்னால் பார்த்து அதை நிறுத்தினார். "தம்பியின்ரை பேர் போட்டிருக்கு. என்ரை அறையிலை நிண்டா, ஆரும் கேட்டா நான் என்ன சொல்லுறது?" குரலில் கோபம் இல்லை. கோபப்பட்டிருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும். அந்த மாதத்தோடு பட்டறையையும் விட்டுவிட்டார்.

ஒரு வருசம் என்று சொன்னது ஒன்றரை வருசமானது. எங்களுக்குப் பிரஜாவுரிமைக் கடிதம் வந்த அன்றே நான் பஸ் ஏறி லெ பிளாங்-மெனிலுக்கு ஓடினேன். அவருடைய கட்டிலில் வேறொருவர் படுத்திருந்தார். பத்து நாளுக்கு முதல் பிரான்சின் வடக்குக் கரைக்குப் போய்விட்டாராம். காற்றடைக்கிற வள்ளத்தில் இங்கிலாந்துக்கு. அடுத்த கிழமை முழுக்க நான் கைபேசியைத் தலையணைக்குக் கீழே வைத்துக்கொண்டு படுத்தேன். ஒரு காலையில் தெரியாத இலக்கம் ஒன்றிலிருந்து அழைப்பு வந்தது.

"தங்கச்சி, வந்து சேந்திட்டன். நடுக்கடலிலை எஞ்சின் நிண்டிட்டுது. எல்லாரும் எழும்பி நிண்டிட்டாங்கள். நான் அசி, அசி எண்டு கத்தினன்." அவர் சிரித்தார். நானும் சிரித்தேன், அழுகையும் வந்தது.

"அண்ணை, எங்களுக்குப் பேப்பர் கிடைச்சிட்டுது. இவர் இப்ப எழுதித் தருவார்."

"இனி என்னத்துக்குத் தங்கச்சி" என்றார். "இஞ்சையும் இன்னொராளின்ரை பேரிலைதான் நிக்கிறன்." அந்த இலக்கம் இரண்டு மாதத்துக்குள் வேலை செய்யாமல் போனது.

போன ஞாயிறு. மகளுக்கு இப்போது பதினொரு வயது. வகுப்பில் வைக்கிங்காரரைப் பற்றிப் பேச வேண்டுமாம். ஈட்டியை மேசைமேல் கிடத்திப் படம் எடுத்தாள். எழுதியதை எங்களுக்குப் பிரெஞ்சில் வாசித்துக் காட்டினாள். சுதந்திர மனிதன் ஒவ்வொருவனுக்கும் சொந்தமாக ஓர் ஈட்டி இருக்க வேண்டும். கப்பலில் துடுப்புப் போட்டவர்கள் அடிமைகள் அல்ல. கடைசி வரி, வீட்டுக்கு வருகிறவர்களின் பேச்சிலிருந்து அவளாகப் பொறுக்கியது: இதே ஆற்றில் என் அப்பா துடுப்புப் போட்டு ஒரு கப்பலைக் காப்பாற்றினார், இது அவருடைய ஈட்டி. வாசித்துவிட்டு, "பப்பா, பயமா இருந்ததா?" என்று தமிழில் கேட்டாள். அவள் பேனையைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தாள். இவர் என்னைப் பார்த்தார். எனக்குக் குசினிக்குப் போக வேண்டும் போலிருந்தது. கால் அந்தப் பக்கம் திரும்பியும் விட்டது.

"அது அப்பா இல்லை" என்றேன்.

எல்லாவற்றையும் சொன்னேன். காட்டை, பட்டியலை, பொலிஸ்காரரின் புத்தகத்தை, இந்தக் கதிரையில் வந்து இருந்து அவர் கேட்டதை, நான் சொன்ன பதிலை. இவர் இடையில் மறிக்கவில்லை. எழும்பிப் போய் மேசையில் கிடந்த ஈட்டியைத் தூக்கி, சுட்ட பெயரைப் பெருவிரலால் மூடிப் பிடித்துக்கொண்டு நின்றார். மகள் நீண்ட நேரம் என்னையே பார்த்தாள். அந்தப் பார்வை இனி மாறுமா என்று எனக்குத் தெரியாது. பிறகு கடைசி வரியைக் கோடு போட்டு வெட்டினாள். "அவருடைய உண்மையான பேர் என்ன?" என்று கேட்டாள்.

பட்டறையில் ஐந்து வருசம் நான் வாயில் எடுக்காத பெயர், ஆற்றங்கரையில் கத்தாத பெயர். முழுதாகச் சொன்னேன். அவள் எழுதினாள். அந்தக் கப்பலோடு சேர்த்து அவருடைய பெயரை எழுதிய காகிதம் இந்த நாட்டில் அது ஒன்றுதான்.

ஈட்டி மறுபடி கதவுக்குப் பின்னால் நிற்கிறது. கதவு இன்னும் முழுதாகத் திறக்காது.